பதவி விலகல் கடிதத்தை இப்போதைக்கு எழுதாதீர்கள்

கொழும்பிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை எவரும் அடையாளம் கண்டுகொள்ளாதவாறு சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 27. யாழ்ப்பாணத்தில் தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் படித்து, பௌதிக விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, பத்தரமுல்லையில் உள்ள ஓர் அமைச்சில் நான்கரை ஆண்டுகளாக அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறார். பதவியில் உறுதிப்படுத்தப்பட்டுவிட்டார், முதலாவது வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டார். வெள்ளவத்தையில் இன்னொரு பெண்ணுடன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். பலாலி விமான நிலையத்துக்கு அண்மையில் வளர்ந்தவர் என்பதால் விமானச் சத்தம் அவருக்குப் புதிதன்று. ஆனால் விமானத்தை ஓட்டுவது தன்னாலும் ஆகக்கூடிய காரியம் என்று அவருக்குத் தோன்றியது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நண்பி ஒருத்தியுடன் இரத்மலானை விமான நிலையத்தில் அறிமுகப் பறப்பு ஒன்றுக்குப் போனபோதுதான். அன்று முதல் கோப்புகளுக்கு நடுவே மனம் நிலைகொள்ளவில்லை என்கிறார்.

பயிற்சிப் பாடசாலை ஒன்று வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் வரையிலான பயிற்சிக்கு 130 இலட்சம் ரூபாய் கேட்டிருக்கிறது. கையிலுள்ள சேமிப்பு 16 இலட்சம். அஞ்சல் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்ற தந்தையார், “வீட்டை ஈடு வைப்போம், அது எப்படியும் உனக்குச் சீதனமாகத் தரவிருந்த வீடுதானே” என்று முன்வந்திருக்கிறார். அந்த வீடு தாயாருக்குச் சீதனமாக வந்தது. தம்பி ஒருவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். அரசாங்க உத்தியோகத்தை விடுகிறவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தாய்மாமன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இடையில் ஒரு சம்பந்தமும் பேசப்படுகிறது.

28 வயதில் தொடங்குவது தாமதமா, கண்ணாடி அணிவதும் தமிழ் மொழிமூலம் படித்ததும் தடையா என்று கேட்கிறார். வேலையை இப்போதே விட்டுவிடுவதா, அல்லது மருத்துவ விடுமுறை எடுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கி, பிறகு பார்த்துக்கொள்வதா என்பது அடுத்த கேள்வி. நான்கரை ஆண்டுச் சேவைக்கு உரிய ஓய்வூதியப் பங்கு எப்படியும் கிடைக்கும் என்று நம்புகிறார். விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்று பத்திரிகைகள் எழுதுவதால், அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் வேலை நிச்சயம் என்றும், ஐந்து ஆண்டுகளில் கடனை அடைத்து வீட்டை மீட்டுவிடலாம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நான் விமானி அல்லன். கொழும்பின் நீதிமன்ற வட்டாரமான புதுக்கடையில் இருந்துகொண்டு அரச உத்தியோகத்தர்களின் நியமனம், விடுமுறை, ஒழுக்காறு போன்ற தாபன விவகாரங்களையும் காணி விவகாரங்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவரும் சட்டத்தரணி. ஆகவே உங்கள் ஆசை சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. உங்கள் மாமா அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். நான் பார்ப்பது நீங்கள் போட்டிருக்கும் வரிசையை. மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, கடன், பதவி விலகல் என்று உங்கள் முன் நான்கு காரியங்கள் இருக்கின்றன. முதலிரண்டில் எந்த இடத்திலும் நின்று யோசிக்கலாம், வேண்டுமானால் திரும்பியும் வரலாம். பின்னிரண்டில் கையொப்பம் விழுந்த பிறகு திரும்புவது மிகக் கடினம். நீங்களோ பின்னிரண்டையும் முன்னால் வைத்திருக்கிறீர்கள்.

வயதும் கண்ணாடியும் ஆங்கிலமும்

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்த வயதெல்லை 18. அதைப் பெறுவதற்கு மேல் வயதெல்லை கிடையாது. இரு விமானிகள் ஓட்டும் சர்வதேச வர்த்தக விமானத்தில் 65 வயதாகும்வரை பணியாற்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் இடமளிக்கின்றன. அரச சேவையில் 60இல் ஓய்வு என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், நீங்கள் பிந்திவிடவில்லை. விமான நிறுவனங்கள் தாமே நடத்தும் பயிலுநர் விமானித் திட்டங்கள் சிலவற்றுக்கு வயதெல்லை உண்டு என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அணிவதும் தடையன்று. கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணிலும் 6/9 அளவிலாவது பார்வை கிடைத்து, இரு கண்களாலும் சேர்த்து 6/6 ஆக இருந்தால் போதுமானது. உண்மையான தடை நிறப்பார்வையில்தான் வரக்கூடும். என்னிடம் வந்த ஒரு தந்தையின் கதை இது. மகனுக்காக ஒரு பயிற்சிப் பாடசாலையில் முதல் தவணையைக் கட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை மருத்துவர் ஒவ்வொன்றாகக் காட்டியபோது, பையன் மூன்றாவது அட்டையில் எதுவுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். சிவப்பும் பச்சையும் தனக்குப் பிரிந்து தெரிவதில்லை என்பது இருபத்தொரு வயதுவரை அவனுக்கே தெரியாது. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை நான் படித்துக் காட்டியபோதுதான் அந்தத் தந்தை அப்படி ஒரு வரி இருப்பதையே அறிந்தார்.

ஆகவே ஒரு ரூபாயும் கட்டுவதற்கு முன்னர், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கான பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கானது. அதை வைத்து உங்கள் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது. முதலாம் வகுப்புச் சான்றிதழும் பொதுவாக 12 மாதங்களுக்கே செல்லுபடியாகும். அதாவது, இந்தத் தொழிலில் இருக்கும்வரை ஆண்டுதோறும் உங்கள் உடல்நலம் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும். அரச உத்தியோகத்தில் நீரிழிவு வந்தால் மருந்தெடுத்துக்கொண்டு மறுநாள் அலுவலகம் போகலாம். விமானியின் நிலை அதுவன்று.

ஆங்கிலத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். சர்வதேச அளவுகோலில் ஆறு மட்டங்கள் உண்டு; தேவைப்படுவது நான்காவது மட்டம். வானொலியில் தெளிவாகப் பேசவும் கேட்டு விளங்கிக்கொள்ளவும் முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இலக்கிய ஆங்கிலம் எவருக்கும் தேவையில்லை. கணிதமும் பௌதிகமும் கற்ற உங்களுக்கு வளிமண்டலவியலும் வழிகாணலும் தடையாக இருக்கப்போவதில்லை.

உத்தியோகத்தை விடுவது பற்றி

மருத்துவ விடுமுறை யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள். நோய் இல்லாதபோது நோயென்று சான்றிதழ் கொடுத்து விடுமுறை எடுப்பது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரிய குற்றம். இரத்மலானையில் உங்களைப் பார்த்த ஒருவர் பத்தரமுல்லையில் சொல்ல அதிக நேரம் எடுக்காது. இன்னொன்றையும் யோசியுங்கள்: விமானி ஆக விரும்பும் ஒருவர் தன் உடல்நிலை பற்றிப் பொய்யான மருத்துவச் சான்றிதழ் ஒன்றைத் தன் சேவைக் கோப்பில் தானே வைத்துவிட்டுப் போவது எவ்வளவு விபரீதம்! அனுமதியின்றி வராமலே இருந்துவிட்டால், பதவியை வறிதாக்கியதாக, அதாவது தாமாகவே அதைக் கைவிட்டதாகக் கருதி அறிவித்தல் அனுப்புவார்கள். ஒழுங்காகப் பதவி விலகியவருக்கும் பதவியை வறிதாக்கியவருக்கும் உள்ள வேறுபாடு, பின்னாளில் எங்காவது ஒரு விண்ணப்பத்தில் “முன்னைய சேவை எவ்வாறு முடிவுற்றது” என்ற கேள்வி வரும்போது தெரியும்.

பதவி விலகல் என்பதும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவதன்று. நியமனக் கடிதத்தில் குறித்த முன்னறிவித்தலைக் கொடுக்க வேண்டும். அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியதைத் தீர்க்க வேண்டும். நியமன அதிகாரி அதை ஏற்றுக்கொண்டு எழுத்தில் தர வேண்டும். இடர்கடன் (அவசரத் தேவைக்கு அரச உத்தியோகத்தருக்குக் கொடுக்கும் கடன்) எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் மீதியைக் கட்டாமல் போக முடியாது. போனால் பிணை நின்ற பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தில் கை வைப்பார்கள். அரச செலவில் பயிற்சியோ புலமைப்பரிசிலோ பெற்று அதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தால், அந்தக் கட்டாய சேவைக்காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள்.

ஓய்வூதியம் பற்றிய உங்கள் நம்பிக்கை தவறானது என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வூதிய உரித்துக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும், அதுவும் ஓய்வு பெறுபவருக்குத்தான். நான்கரை ஆண்டில் இராஜினாமாச் செய்பவருக்குப் பங்கு என்று எதுவும் இல்லை. பிறகு மனம் மாறினால் பழைய கதிரை காத்திருக்காது. ஆட்சேர்ப்பு நடக்கும்போது, வயதெல்லை இடம் கொடுத்தால், புதியவராக மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

சம்பளமற்ற விடுமுறையில் துபாய் போன உங்கள் சக உத்தியோகத்தரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது, அரச உத்தியோகத்தர்கள் 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் செல்ல வழிசெய்யும் சுற்றறிக்கை வெளியானது. அவர் அதில் போயிருக்கக்கூடும். அவருக்குக் கிடைத்தது உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். சுற்றறிக்கைகள் திருத்தப்படும், இரத்துச் செய்யப்படும், நோக்கத்தைப் பொறுத்தும் வேறுபடும். நீங்கள் செய்ய வேண்டியது, திணைக்களத் தலைவரூடாகத் தாபனப் பிரிவுக்கு எழுத்தில் கேட்பது. விமானிப் பயிற்சிக்காகச் சம்பளமற்ற விடுமுறை பெற இன்று எந்தச் சுற்றறிக்கை அல்லது அரச சேவை விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் எந்தப் பிரிவு பொருந்துகிறது, அந்தக் காலம் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் எப்படிக் கணக்கிடப்படும், திரும்பி வந்ததும் எவ்வளவு காலம் கட்டாயமாகச் சேவையாற்ற வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். வாய்மொழியாக “பிரச்சினை இல்லை தங்கச்சி” என்று சொல்பவர் அடுத்த மாதமே இடமாற்றம் பெற்றுப் போய்விடலாம். பதில் எழுத்திலேயே வரட்டும்.

அம்மாவின் வீடு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் இதுதான். தந்தையார் வீட்டை ஈடு வைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரால் முடியாது. தாயாருக்குச் சீதனமாக வந்த வீடு தாயாருடையது. வடமாகாணத் தமிழர்களுக்கு உரிய வழமைச் சட்டமான தேசவழமையின் கீழும், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழும், அது அவருடைய தனிச்சொத்து. ஆனால் அந்த அசையாச் சொத்தை அவர் பாராதீனப்படுத்துவதற்கு, அதாவது விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ, கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சம்மதம் தருவதுதான் உங்கள் தந்தையாரின் பங்கு; ஈடு வைப்பவர் அம்மா. இது வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். தன் வீட்டைப் பற்றிய பேச்சில் தன்னைத் தவிர எல்லாரும் முடிவெடுத்துவிட்டார்கள் என்று ஒரு தாய் உணர்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஈட்டு உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும். அன்று வங்கி நீட்டும் தாள்களில் ஒன்று மிக முக்கியமானது. வீட்டின் உரிமையாளரையும் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்துக் கையொப்பம் கேட்பார்கள். அம்மா கடனாளியாகக் கையொப்பமிட்டுவிட்டால், தவணை தவறும்போது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தை வைத்து வீட்டை ஏலத்துக்கு விடலாம். இந்த அதிகாரத்தைப் பராட்டே என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2024இல் வர்த்தகர்களின் எதிர்ப்பினால் இதைச் சில காலம் இடைநிறுத்தினார்கள். இடைநிறுத்தத்தை நீக்கம் என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு.

இனி உங்கள் ஐந்து ஆண்டுக் கணக்கு. 130 இலட்சத்தில் 16 இலட்சம் போக, கடன் 114 இலட்சம். வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் மாதம் 1 இலட்சத்து 14 ஆயிரம் ரூபாய். பயிற்சி முடிய இரண்டு ஆண்டு என்றால், சம்பளமே இல்லாத அந்தக் காலத்தில் வட்டியாக மட்டும் 27 இலட்சத்துக்கு மேல் போகும். உங்கள் கணக்கில் இந்த வரி இல்லை. விமானத்தின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் டொலரில் வருகின்றன என்பதும் அதில் இல்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. அன்று பாதி மணிநேரங்களை முடித்துவிட்டு நின்ற மாணவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அனுமதிப்பத்திரத்துக்கும் வேலைக்கும் இடையில்

விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்ற செய்தி பொய்யன்று. நெருக்கடிக்குப் பின்னர் நம் விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். ஆனால் போனவர்கள் பெரிய விமானங்களில் ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்தவர்கள். அவர்களுடைய இடத்தை 200 மணிநேரம் பறந்த ஒருவரைக் கொண்டு நேரடியாக நிரப்ப முடியாது. புதுக்கடையில் மூத்த சட்டத்தரணிகளுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். அதே வராந்தாவில் வழக்கில்லாமல் நிற்கும் கனிஷ்டர்களும் எப்போதும் உண்டு.

தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 40 மணிநேரமும், வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 200 மணிநேரமும், அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியாயின் 150 மணிநேரமும் சர்வதேசக் குறைந்தபட்ச அளவு. இரு விமானிகள் ஓட்டும் வர்த்தக விமானத்தின் தலைமை விமானியாக அமர்வதற்கு உரிய உயர்நிலை அனுமதிப்பத்திரத்துக்கு 1,500 மணிநேரம் வேண்டும். இவற்றுக்கு இடையில், எயார்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிப் பயிற்சி ஒன்று தனியாக இருக்கிறது. அதன் செலவை நிறுவனம் ஏற்றால் பல ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பம் வாங்கும். ஏற்காவிட்டால் அது உங்கள் தலையில். பாடசாலை சொன்ன 130 இலட்சத்தில் அது அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அடங்கியிருக்காது என்பது என் அனுமானம். இடைக்காலத்தில் பயிற்றுநர் தகுதி பெற்று, மற்றவர்களுக்குக் கற்பித்தபடியே மணிநேரம் சேர்ப்பவர்கள் பலர். அந்த வருமானத்தில் 114 இலட்சக் கடன் அடையாது.

நான் சொல்லும் வழி

மருத்துவச் சான்றிதழ் கிடைத்தால், வேலையில் இருந்துகொண்டே தனியார் விமானி அனுமதிப்பத்திரத்தைத் தொடங்குங்கள். வெள்ளவத்தையில் 100 அல்லது 101 இலக்க பஸ் ஏறினால் காலி வீதியோடு இரத்மலானைக்குப் போய்விடலாம். நீங்கள் இருக்கும் இடம் இதற்கு வாய்ப்பானது. உங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் தற்செயல் விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும் இருக்கின்றன. அவற்றை முறைப்படி விண்ணப்பித்து எடுப்பதை எவரும் குறை சொல்ல முடியாது. வார இறுதிக்கு இரண்டு மணிநேரம் என்றாலும் 40 மணிநேரத்துக்கு 20 வாரங்கள். மழையும் விமானப் பழுதும் சேர்ந்து அதை எட்டு, ஒன்பது மாதம் ஆக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சேமிப்பு இந்தக் கட்டத்தை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பாடசாலையிடம் மணிநேரக் கட்டணத்தை வாங்கிக் கணக்கிடுங்கள்.

இந்தக் கட்டத்தின் பயன் அனுமதிப்பத்திரம் மட்டுமன்று. நண்பர் ஒருவரின் மகளுடன் ஒரு தடவை காலை ஆறரை மணிக்கு இரத்மலானையில் நின்றிருக்கிறேன். அவள் அந்தச் சிறிய செஸ்னா விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து, ஒளிபுகும் குவளை ஒன்றில் எரிபொருளைச் சிறிது வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இளநீல நிறத்துக்கு அடியில் நீர்த்துளி எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அடுத்த இறக்கை, அதே குனிவு, அதே பார்வை. முக்கால் மணிநேரப் பறப்புக்கு முன்னால் அரை மணிநேரம் இதுவே நடந்தது. அறிமுகப் பறப்பில் உங்களுக்கு இது காட்டப்பட்டிராது. எட்டு மாதம் இதைச் செய்தும் அலுக்கவில்லை என்றால், அப்போது உங்கள் ஆசையைப் பற்றி உங்களுக்கே உறுதியாகத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு முழுநேரப் பயிற்சிக்குப் போவதாயின், பாடசாலை அதிகாரசபையின் நடப்பு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டாமல் கட்டம் கட்டமாகக் கட்டும்படி ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லுங்கள். விமானம் பழுதாகி நின்றால், மருத்துவத் தகுதி போனால், டொலர் ஏறினால் யார் பொறுப்பு என்பது அதில் இருக்கட்டும். வெளிநாட்டில் மலிவு என்று யாராவது சொன்னால், அங்கு பெறும் அனுமதிப்பத்திரத்தை இங்கு மாற்றிக்கொள்வதற்கு வேறு பரீட்சைகளும் செலவும் உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். நிறுவனங்களின் பயிலுநர் விமானித் திட்டங்கள் அறிவிக்கப்படும்போது விண்ணப்பியுங்கள். உத்தியோகத்தில் இருந்துகொண்டு விண்ணப்பிப்பதில் தவறில்லை.

சம்பந்தம் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, ஒரு சட்ட விடயத்தைத் தவிர. வீட்டை உங்கள் பெயருக்குச் சீதன உறுதியாக எழுதிவிட்டு, நீங்களும் தேசவழமைக்கு உட்பட்ட ஒருவரைத் திருமணம் செய்துகொண்டால், அதன் பிறகு அந்த வீட்டை ஈடு வைப்பதற்கு உங்களுக்கும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டியிருக்கும். பெண்கள் பலருக்கு இது திருமணத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். அப்பா சொன்னது, மாமா சொன்னது, தம்பி சொன்னது, அலுவலகத்தில் சொன்னது எல்லாம் அதில் இருக்கின்றன. நான்கு பக்கத்திலும் அம்மா சொன்னதாக ஒரு வாக்கியமும் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உறுதியின் பிரதியை எடுத்து வாருங்கள், காணிப் பதிவகத்தில் ஒரு தேடுதலும் செய்துவிடலாம். அதற்கு முன்னர், அப்பா வெளியே போயிருக்கும் ஒரு நேரத்தில், வீட்டைப் பற்றி அம்மாவின் எண்ணம் என்ன என்று அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.